வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஒப்பந்தத்தில் இறால் வளர்ப்புப் பயிற்சி: மகளை அனுப்பும் முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி (ஆரம்பாக்கம் குட்டைக்காரர்)

வணக்கம். நான் ஆரம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவை அடுத்த ஓர் ஊரில் ஆறு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நான்கு குட்டைகளில் வனாமி இறால் வளர்த்து வருகிறேன். வீட்டில் தமிழ், குட்டையில் தெலுங்கு, தீவனக் கம்பெனிக்காரர் வந்தால் இரண்டும் கலந்த ஒரு பேச்சு என்று பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. என் மகள் மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

சென்ற மாதம் கல்லூரியில் பெற்றோரை அழைத்தார்கள். தாய்லாந்திலும் ஐரோப்பாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருப்பதாகவும், இறுதியாண்டு மாணவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து மூன்று மாத உள்ளகப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார்கள். மேடையில் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் படத்தைத் திரையில் காட்டினார்கள். விமானச் செலவு யாருடையது, அங்கே பிள்ளைகள் என்ன வேலை செய்வார்கள், அந்த மூன்று மாதம் பட்டப்படிப்பின் கணக்கில் சேருமா என்று நான் எழுந்து கேட்டேன். விவரங்கள் பின்னர் தெரிவிக்கப்படும் என்பதோடு கூட்டம் முடிந்துவிட்டது.

இதற்கிடையில் சென்னையில் உள்ள ஒரு முகவர், கல்லூரிக்குச் சம்பந்தமில்லாமல், நான்கு வார ‘சர்வதேச இன்டர்ன்ஷிப்’ ஒன்றைத் தாமே ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். முடிவில் சான்றிதழ் உண்டாம்.

எனக்குள்ள தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. சென்ற பட்டத்தில் (வளர்ப்புப் பருவத்தில்), குஞ்சு விட்டு ஐம்பதாம் நாளுக்கு மேல், இரண்டாம் குட்டையில் காற்று கொண்டுபோய் ஒதுக்கும் மூலையில் வெள்ளை நூல் நூலாக எச்சம் மிதந்தது. தீவனத்தை மாற்றிப் பாருங்கள் என்றார் ஒருவர், புரோபயாடிக் போடுங்கள் என்றார் மற்றொருவர். விடுமுறைக்கு வந்திருந்த மகள், தீவனம் தின்றதைப் பார்க்கக் குட்டையில் இறக்கிவைக்கும் செக் ட்ரேயைத் தூக்கி, நாலைந்து இறாலை வெயிலுக்கு எதிரே பிடித்துக் குடலைப் பார்த்துவிட்டு, இது இ.எச்.பி. என்ற நுண்ணுயிரி நோயாக இருக்கலாம், ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை பார்க்காமல் ஒரு மூட்டை மருந்தும் வாங்கக் கூடாது என்று சொன்னாள். மாதிரி அனுப்பினோம், அவள் சொன்னபடியே வந்தது. நூறு கவுண்டிலேயே (கிலோவுக்கு நூறு இறால்) பிடித்து விற்றுக் கிடைத்ததை மிச்சப்படுத்திக்கொண்டோம். இப்படிக் கண் விழுந்த பிள்ளையை, பிறர் குட்டையை வேடிக்கை பார்க்க அனுப்பிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இத்தகைய கூட்டு ஏற்பாடுகளின் உள்ளே இருந்தவர்கள், போய்வந்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்னேரி)

ஐயா, மீன்வளக் கல்வியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் சிலவற்றின் வரைவை எழுதிய பழக்கமும் உண்டு. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் இரண்டு பக்கக் காகிதம். ஆசிரியர்களையும் மாணவர்களையும் பரிமாறிக்கொள்ள இரு தரப்பும் விரும்புகின்றன என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த பத்தியிலேயே, இதனால் எந்தத் தரப்புக்கும் பணக் கடமை எதுவும் ஏற்படாது என்றும் எழுதியிருக்கும். எத்தனை மாணவர், எத்தனை வாரம், எந்த ஆய்வகம், யார் வழிகாட்டி, தங்குமிடம் யார் செலவு, விபத்து நேர்ந்தால் காப்பீடு யாருடையது என்பதெல்லாம் அதற்குக் கீழே தனியாகப் போடப்படும் செயல்பாட்டு இணைப்பில்தான் வரும். படத்தில் தெரியும் கோப்புக்குள் அந்த இணைப்பு இருக்கிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அது இருந்தால் கல்லூரி உங்களுக்குக் காட்டத் தயங்காது. இல்லையென்றால், அங்குள்ள பேராசிரியர் ஒருவர் உங்கள் மகளின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பும் ஏற்புக் கடிதம் வரும்வரை ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள்.

பட்டப்படிப்பின் கணக்கில் சேருமா என்பது இரண்டாவது கேள்வி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மீன்வளக் கல்லூரிகளில், 2015ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய ‘ஸ்டூடன்ட் ரெடி’ திட்டத்தின்படி இறுதியாண்டின் பெரும்பகுதி செயல்முறைப் பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊரில் விவசாயிகளோடு தங்கிக் கற்பது, பொரிப்பகத்திலோ பதப்படுத்தும் ஆலையிலோ பணிப்பயிற்சி பெறுவது, தாமே ஒரு சிறு உற்பத்தியை நடத்திப் பார்ப்பது எனப் பல பகுதிகள் அதில் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சி இந்தப் பணிப்பயிற்சியின் இடத்தில் அமர்ந்தால் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு) கிடைக்கும். ஆனால் புறப்படும் முன்பே கல்லூரி முதல்வரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். திரும்பி வந்த பிறகு சான்றிதழை நீட்டிக் கிரெடிட் கேட்ட மாணவர்கள் எங்களிடம் வந்ததுண்டு. வருகைப்பதிவு குறைந்தது என்று மறுபடியும் ஒரு பருவம் உட்கார வேண்டியதாயிற்று. அதில் ஒருவன் நல்ல மாணவன். இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சில விளம்பரங்களில் ‘இரட்டைப் பட்டம்’ என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். அதை மூன்று மாதப் பயிற்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிமுறைகளில் மூன்று வகை இருக்கின்றன. ட்வின்னிங் என்றால் மாணவர் வெளிநாட்டில் பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, பட்டம் இந்தியப் பல்கலைக்கழகத்துடையது மட்டும். கூட்டுப் பட்டம் என்றால் இரு நிறுவனத்திலும் குறைந்தது 30 விழுக்காடு கிரெடிட் பெற்று, இருவரின் முத்திரையும் கொண்ட ஒரே பட்டத்தைப் பெறுவது. இரட்டைப் பட்டத்தில் இரு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் தரும். அதிலும் இந்திய நிறுவனத்திலிருந்து குறைந்தது 30 விழுக்காடு கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். நான்கு வாரச் சான்றிதழ் இந்த மூன்றில் எதிலும் சேராது. அந்த முகவர் ‘பட்டத்துக்கு இணை’ என்று வாய்விட்டிருந்தால் அதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். 2017-18இல் உலக வங்கியும் இந்திய அரசும் சரிபாதி போட்டு 1100 கோடி ரூபாயில் தொடங்கிய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் காலத்தில், வேளாண், மீன்வளப் பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் பலர் குறுகிய காலப் பயிற்சிக்கு வெளிநாடு போய்வந்தார்கள். திட்டப் பணம் இருந்தவரை விமானமும் பறந்தது. எனக்குத் தெரிந்த சில ஒப்பந்தங்கள் அதன் பிறகு காகிதமாகவே இருக்கின்றன.

எல்லாமே வீண் என்று நினைத்துவிடவும் வேண்டாம். இன்று ஆசியா முழுவதும் வளர்க்கப்படும் ‘கிஃப்ட்’ என்னும் மேம்படுத்திய திலேப்பியா மீன், இத்தகைய கூட்டுறவில் பிறந்ததுதான். நார்வேயில் சால்மன் இனவிருத்திக்காக உருவாக்கிய குடும்பவாரித் தேர்வு முறையை எடுத்துக்கொண்டு, 1988 முதல் பிலிப்பைன்ஸில் நைல் திலேப்பியாவின் மீது செயல்படுத்தினார்கள். அதன் வழிவந்த மீனை இப்போது கிருஷ்ணா மாவட்டம் மணிகொண்டாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இனவிருத்தி செய்கிறது. குளிர்நாட்டு மீனுக்கான அறிவு நம் பக்கத்து மாநிலம் வரை வந்து சேர்ந்ததற்குக் காரணம், பயிற்சிக்குப் போனவர்கள் கையில் ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது. உங்கள் மகளின் கையிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

பதில் (பொரிப்பகத் தொழில்நுட்பர், சூலூர்பேட்டை)

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் முதுநிலை படித்தபோது தாய்லாந்தில் ஒரு பருவம் இருந்தேன். இப்போது வனாமி பொரிப்பகம் ஒன்றில் வேலை. அங்கே என்ன வேலை செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பாங்காக்குக்கு வடக்கே பத்தும் தானியில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் தொடங்கப்பட்டது. அங்கே பாடமொழி ஆங்கிலம் என்பதால் தாய் மொழி தெரியாமலே சமாளித்துவிடலாம். மீன்வளர்ப்புத் துறையில் அவர்கள் பெயர்பெற்றது ஆண் திலேப்பியாக் குஞ்சு உற்பத்தியில். எனக்குக் கொடுத்த முதல் வேலை, குளத்தில் கட்டியிருக்கும் ஹாப்பா வலைத் தொட்டிகளில் இறங்கி, ஒவ்வொரு தாய்மீனாகப் பிடித்து வாயைத் திறந்து முட்டையை எடுப்பது. திலேப்பியா முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன் என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் வெளிர்மஞ்சள் முட்டை, கண் புள்ளி வைத்த முட்டை, வால் முளைத்த குஞ்சு என்று நிறம் பார்த்துக் கிண்ணம் கிண்ணமாகப் பிரிக்கக் கை பழகுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. பிறகு அவற்றை நீரோடும் ஜாடிகளில் பொரிக்கவைத்து, குஞ்சு தீவனம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து 21 நாள்களுக்கு, கிலோவுக்கு 60 மில்லிகிராம் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற, குஞ்சை ஆணாக்கும் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுக்க வேண்டும். கலவை சரியில்லாமல் போனால் நான்கு மாதம் கழித்து வளர்ப்பவர் குளத்தில் பெண்மீன் தென்படும். அவர் நேராக வந்து கேட்பார். அந்தப் பயம்தான் எனக்கு உண்மையான பாடம்.

அம்மாவின் (உங்கள் மகளைச் சொல்கிறேன்) ஆர்வம் நோய்க்கூறு பக்கம் என்று தெரிகிறது. இ.எச்.பி. என்னும் நுண்ணுயிரியை 2009இல் தாய்லாந்து ஆய்வாளர்கள்தான் டைகர் இறாலிலிருந்து பெயரிட்டு விவரித்தார்கள். அது இறாலை உடனே கொல்வதில்லை. ஈரலுக்குள் பெருகி வளர்ச்சியை நிறுத்திவிடும். தீவனம் போய்க்கொண்டே இருக்கும், கவுண்ட் இறங்காது. அறுவடைக்குப் பின் குட்டையின் அடிமண்ணில் தங்கிவிடும் வித்துகளை அழிக்க, காய்ந்த அடித்தளத்தை உழுது, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு இட்டு, ஈரப்படுத்தி, மண்ணின் பி.எச். 12க்கு மேல் ஏறச் செய்ய வேண்டும் என்ற பரிந்துரை அங்கிருந்து வந்ததே. நம் ஊரில் பலர் தூவுவது விவசாயச் சுண்ணாம்பு. அதை எத்தனை மூட்டை போட்டாலும் பி.எச். அந்த அளவுக்கு ஏறாது. இந்த வித்தியாசத்தைப் பி.எச். மீட்டரோடு குட்டையில் நின்று பார்த்துவிட்டு வரும் மாணவி ஊருக்கே பயன்படுவாள். ஆகவே பொதுவாக ‘மீன்வளர்ப்புப் பயிற்சி’ என்று போகாமல், இறால் நோய் ஆய்வகம் என்று குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

முகவர் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும்: எந்த விசாவில் அனுப்புவார் என்று கேளுங்கள். தாய்லாந்தில் கல்விக்கும் பயிற்சிக்கும் ‘இ.டி.’ வகை விசா தனியாக உண்டு. அதற்கு அழைக்கும் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். சுற்றுலாப் பயணியாக நுழைந்து ‘இன்டர்ன்’ என்று திரும்புவது எந்த நாட்டிலும் சரிவராது. என்னோடு படித்த ஒருவர் அப்படி ஒரு நாட்டுக்குப் போய், மூன்று வாரம் பேருந்தில் பண்ணை பண்ணையாகச் சுற்றிப்பார்த்துவிட்டு, பளபளப்பான சான்றிதழோடு வந்தார். எங்கள் பொரிப்பகத்தில் நேர்காணலுக்கு வந்தபோது, இறால் குஞ்சுக்குத் தீவனமாகும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணுயிரின் முட்டை பொரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். சான்றிதழைத்தான் காட்டினார்.

ஆரம்பாக்கம் குட்டைக்காரர்

ஐயா இருவருக்கும் நன்றி. முகவரிடம் விசாவைப் பற்றி இன்று காலை கேட்டேன். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றார். அவரை விட்டுவிட்டேன். கல்லூரியில் இணைப்பைக் கேட்டு மகள் மனு கொடுத்திருக்கிறாள்.

ஐரோப்பா என்றும் சொன்னார்களே, குளிர்நாட்டில் சால்மன் வளர்ப்பதைப் பார்த்து, உவர்நீர்க் குட்டையில் வேலை செய்யப் போகிறவளுக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டில் அவள் அம்மாவின் கேள்வியும் அதுவே. பெண் பிள்ளை தனியாக இருப்பது பற்றியும் அவருக்கு யோசனை.

பதில் (பழவேற்காட்டிலிருந்து நார்வே)

ஐயா, அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பழவேற்காட்டு மீனவர் குடும்பத்துப் பெண். 2021இல் நார்வேக்கு முதுநிலை படிக்க வந்து, பெர்கன் நகரை ஒட்டிய தீவுகளில் சால்மன் கூண்டுகளில் பயிற்சி பெற்றேன்.

சால்மனைப் பற்றிக் கற்றது எனக்கு ஏரிக்கரையில் நேரடியாகப் பயன்படப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் கணக்கு எழுதும் விதம் பயன்படும். கடல் பேன் என்று ஓர் ஒட்டுண்ணி சால்மனின் தோலைக் கடித்துக்கொண்டிருக்கும். பண்ணைகள் வாரந்தோறும் கூண்டிலிருந்து மாதிரி மீன்களை எடுத்து, மயக்க மருந்து கலந்த தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் உள்ள பேன்களைப் பருவவாரியாக எண்ணி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சராசரியாக ஒரு மீனுக்கு 0.5 வளர்ந்த பெண் பேன் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. இளம் சால்மன்கள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்த காலத்தில் அது 0.2 தான். பிப்ரவரிக் குளிரில் கையுறைக்குள் விரல் மரத்துப்போய், மீனின் வாலடியில் ஒட்டியிருக்கும் பேன் பெண்ணா, முட்டைச் சரம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் எங்கள் ஊர்ப் பண்ணைகளின் செக் ட்ரேயைத்தான் நினைத்துக்கொண்டேன். நாமும் தினம் நான்கு வேளை ட்ரேயைத் தூக்கிப் பார்க்கிறோம், பார்த்ததை மேஸ்திரியிடம் வாயால் சொல்கிறோம். அவர்கள் எண்ணியது அண்டைப் பண்ணைக்கும் தெரிகிறது. ஒரே கால்வாயில் தண்ணீர் எடுத்து அதிலேயே விடும் முப்பது குட்டைக்காரர்கள், தங்களுக்கு வந்த நோயை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்தபோது நார்வே அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. 2023 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. என் அனுபவத்தை வைத்து ‘நார்வே இலவசம்’ என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். இன்று தங்கை குறிவைக்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியம் உதவித்தொகை தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளை. உதாரணமாக, நீர்வாழ் உயிரின வளர்ப்பு, சுற்றுச்சூழல், சமூகம் என்ற தலைப்பில் ஸ்காட்லாந்து, கிரேக்கத்தின் கிரீட், பிரான்ஸின் நான்ட் ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டாண்டுப் படிப்பு ஒன்று உண்டு. உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை. மாதம் 1400 யூரோ வீதம் 24 மாதம் வரை கொடுக்கிறார்கள். போட்டி கடுமை. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதும். கூண்டுக்குப் போகும் படகில் போதாது. முதல் மாதம் நான் ஊமையாகத்தான் இருந்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி அவ்வளவு பெரிய சுவராக இராது என்று நினைக்கிறேன்.

தங்குமிடம் வளாக விடுதியா, பண்ணை வீடா என்பதை இணைப்பில் எழுதி வாங்குங்கள். பண்ணை வீடென்றால் இன்னொரு மாணவியும் உடனிருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. நான் கேட்காமல் வந்து, இரண்டு வாரம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். கேட்ட மறுநாளே தாழ்ப்பாள் போட்டுத் தந்தார்கள்.

பதில் (பண்ணை மேலாளர், நெல்லூர் மாவட்டம்)

எல்லோரும் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

எங்கள் பண்ணைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் ஆறு மாணவர்கள் வந்தார்கள். இரண்டு நாள். ட்ரோன் படம் எடுத்தார்கள், ஏரேட்டர் முன் நின்று படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். எங்கள் குட்டையின் நீர்த்தர அளவுகளை அனுப்பித் தருமாறு பிறகு மின்னஞ்சல் வந்தது, அனுப்பினோம், அதை வைத்து என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. கூட்டு என்று பெயர் வைத்தால் இரு பக்கமும் ஏதாவது கிடைக்க வேண்டாமா? ஆந்திரம் நாட்டிலேயே அதிகமாக இறால் விளைவிக்கும் மாநிலம். இங்கே கற்க அவர்கள்தான் மூன்று மாதம் வந்து தங்க வேண்டும்.

ஆகையால் என் யோசனை, மகளை முதலில் இங்கே அனுப்புங்கள். வனாமியை இந்தியாவுக்குள் 2009இல் அனுமதித்தபோது, வெளிநாட்டுத் தாய் இறால் எதுவும் நேராகப் பொரிப்பகத்துக்குப் போகக் கூடாது என்று சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தும் நிலையம் வைத்தார்கள். அது உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம். உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம், ‘சிபா’, சென்னையில். அதன் முட்டுக்காடு நிலையத்தில் கொடுவாயையும் பால்மீனையும் குஞ்சு பொரிக்கவைக்கிறார்கள். எல்லைக்கு இப்பால் முத்துக்கூரில் மீன்வளக் கல்லூரி. சூலூர்பேட்டை ரயிலைப் பிடித்தாலே இத்தனையும் கிடைக்கும்போது, இவற்றைப் பார்க்காமல் பாங்காக் போகிறவர் அங்கே எதை ஒப்பிட்டுப் பார்ப்பார்?

நல்ல பொரிப்பகத்தில் பயிற்சி கேட்டால் உடனே கதவைத் திறக்க மாட்டார்கள்; கோபித்துக்கொள்ள வேண்டாம். குட்டையிலிருந்து வருகிறவரின் செருப்பிலும் வலையிலும் நோய் வரும். இரண்டு மூன்று நாள் எந்தக் குட்டைப் பக்கமும் போகாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்போம். வாசலில் குளோரின் தொட்டியில் காலை நனைத்து, உடை மாற்றி, கை கழுவித்தான் உள்ளே. நடைமுறை இதுதான் என்று ஒரு மாதம் இங்கே பழகியவர் வெளிநாட்டு ஆய்வகத்தில் தடுமாற மாட்டார். அப்பாவின் குட்டையில் காலையில் செக் ட்ரே தூக்கிவிட்டு மதியம் பொரிப்பகத்துக்கு வந்து நிற்கும் பிள்ளையைத்தான் எங்களால் சேர்த்துக்கொள்ள முடியாது.

பதில் (பொரிப்பகத் தொழில்நுட்பர், சூலூர்பேட்டை)

மேலாளர் அண்ணா சொல்வது நியாயம். எனினும் ஒரு திருத்தம். இறுதியாண்டுப் பணிப்பயிற்சியை இங்கே ஒரு மாதம், அங்கே இரண்டு மாதம் என்று பிரித்துக் கொடுக்கக் கல்லூரி ஒப்புக்கொண்டால் இரண்டும் நடக்கும். இங்கே பி.சி.ஆர். மாதிரி எடுக்கக் கற்று, அதே வேலையை அங்கே தொடர்வது. அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஆரம்பாக்கம் குட்டைக்காரர்

கல்லூரியிலிருந்து நேற்றுப் பதில் வந்தது. தாய்லாந்துப் பல்கலைக்கழகத்தோடு மட்டும் இணைப்பு இருக்கிறது. எட்டு வாரம், இரண்டு மாணவர்கள், விடுதி அவர்கள் பொறுப்பு, விமானம் எங்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு இணைப்பு எதுவும் இல்லை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதம் இங்கே பொரிப்பகத்தில் இருப்பதற்கும் முதல்வர் சம்மதித்திருக்கிறார்.

அங்குள்ள பேராசிரியர் தேர்வுக்காக ஒரு பக்கக் கடிதமும், மாணவரிடம் களத்தகவல் ஏதாவது இருந்தால் அதையும் அனுப்பச் சொல்கிறார். என்னிடம் எட்டுப் பட்டத்துக் குட்டைக் கணக்கு நோட்டு இருக்கிறது. விட்ட தேதி, பி.எல். (இறால் குஞ்சு) எண்ணிக்கை, தினத் தீவனம், உப்பு அளவு, வாரம் ஒருமுறை வீச்சு வலை போட்டு எடுத்த சராசரி எடை எல்லாம் இருக்கின்றன. ஆனால் பாதி தமிழிலும் பாதி மேஸ்திரியின் தெலுங்கிலும் எழுதியது, சில பக்கங்களில் டீ கறை வேறு. இதை அனுப்புவது மரியாதையாக இருக்குமா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்னேரி)

தாராளமாக அனுப்புங்கள். நோட்டை அழகாகப் பிரதி எடுக்க வேண்டாம், கறையோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். பத்திகளின் தலைப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு தனித்தாளில் எழுதி மேலே வைக்கட்டும். இரண்டாம் குட்டையில் வெள்ளை எச்சம் தெரிந்த வாரத்துக்கு முந்தைய மூன்று வாரங்களின் எடையைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடட்டும், இ.எச்.பி. பார்க்கும் ஆய்வகத்தில் கண்கள் முதலில் அங்கேதான் போகும். கடிதத்தை அனுப்பும் முன் மகள் விரும்பினால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.